வீட்டு வாடகை உதவி

வீட்டு வாடகை உதவி என்பது, தனியார் வீடுகளில் குடியிருப்போரின் வாடகைச் சுமையில் ஒரு பகுதியை அரசு ஏற்றுக்கொள்ளும் முறை ஆகும். இது பொதுவாக இரு வகைப்படும். வாடகைக்கென அரசு பணம் வழங்குவது நேரடி உதவி. வாடகைக்குச் செலவாகும் தொகைக்கு வருமான வரி விதிக்காமல் விடுவது வரிச் சலுகை. பிரித்தானியாவில் முதல் வகையும் இந்தியாவில் பெரும்பாலும் இரண்டாம் வகையும் காணப்படுகின்றன. உதவி யாரைச் சென்றடைகிறது என்பதில் இவ்விரண்டுக்கும் பெரிய வேறுபாடு உண்டு.

நேரடி உதவி

பிரித்தானியாவில் தனியார் வீட்டு வாடகைதாரர்களுக்கான உள்ளூர் வீட்டு உதவித்தொகை 2008 ஏப்ரலில் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது. இதன் உச்ச அளவு, ஊர்ப்பகுதியையும் குடும்பத்திற்குத் தேவையான படுக்கையறைகளின் எண்ணிக்கையையும் பொறுத்தது. தொடக்கத்தில் அப்பகுதி வாடகைகளின் நடு அளவு உச்ச அளவாகக் கொள்ளப்பட்டது. 2011 முதல் அது குறைக்கப்பட்டது. 100 வாடகைகளைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தினால், 30 ஆவதாக வரும் தொகையே புதிய அடிப்படை. உண்மையான வாடகை உச்ச அளவை விட மிகுந்தால் மீதியை வாடகைதாரரே செலுத்த வேண்டும். வருமானமே இல்லாதவரும் இவ்வுதவியைக் கோரலாம்.

இந்தியாவில் வரிச் சலுகை

அரசு ஊழியர்களும் பல தனியார் நிறுவன ஊழியர்களும் சம்பளத்துடன் வீட்டு வாடகைப்படி பெறுகின்றனர். வருமான வரிச் சட்டம், 1961 இன் 10(13அ) பிரிவு இப்படியில் ஒரு பகுதிக்கு வரி விலக்கு அளித்தது. அதற்குப் பதிலாக இயற்றப்பட்டு, 2026 ஏப்ரல் 1 ஐ நடைமுறை நாளாகக் கொண்ட வருமான வரிச் சட்டம், 2025 உம் இச்சலுகையைத் தொடர்கிறது. 1961 சட்டத்தின்படி, திருநெல்வேலி போன்ற ஊர்களில் பின்வரும் மூன்றில் மிகக் குறைந்த தொகைக்கு விலக்கு உண்டு.

- பெற்ற வாடகைப்படி
- சம்பளத்தில் 40 விழுக்காடு (சென்னையில் 50 விழுக்காடு)
- செலுத்திய வாடகையிலிருந்து சம்பளத்தின் 10 விழுக்காட்டைக் கழித்த மீதி

எடுத்துக்காட்டாக, பாளையங்கோட்டையில் பணிபுரியும் ஒருவரின் மாதச் சம்பளம் 30,000 ரூபாய், வாடகைப்படி 6,000 ரூபாய், வாடகை 7,000 ரூபாய் எனக் கொள்வோம். மூன்று தொகைகள் முறையே 6,000, 12,000, 4,000 ஆகும். எனவே 4,000 ரூபாய்க்கு மட்டுமே விலக்கு கிடைக்கும்.

வாடகைப்படி பெறாதோருக்கும் தொழில் செய்வோருக்கும் அச்சட்டத்தின் 80ஜிஜி பிரிவு தனிக் கழிவு அளித்தது. இதன் உச்ச வரம்பு 2016 ஆம் ஆண்டின் நிதிச் சட்டத்தால் மாதம் 2,000 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. 2020 இல் அறிமுகமான புதிய வரி முறையைத் தேர்ந்தோர் இவ்விரு சலுகைகளையும் பெற இயலாது.

சிற்றூர்களின் நிலை

சிற்றாறு தாமிரபரணியுடன் கலக்குமிடத்தில் உள்ள சீவலப்பேரி போன்ற சிற்றூரில், மாதம் 12,000 ரூபாய் ஈட்டி 3,000 ரூபாய் வாடகை கொடுக்கும் ஒரு கூலித் தொழிலாளரை எண்ணிப் பார்க்கலாம். வருமானத்தில் நான்கில் ஒரு பங்கு வாடகைக்கே போகிறது. ஆயினும் அவர் வருமான வரி செலுத்தும் நிலையில் இல்லாததால், வரிச் சலுகையால் அவருக்கு ஒரு ரூபாய்கூட மிச்சமாவதில்லை. வாடகைக்கு மாற்றாக ஒரு பெருந்தொகையைக் கொடுத்து ஒத்திக்குக் குடியிருப்போருக்கும், மாத வாடகை என ஒன்று இல்லாததால், இச்சலுகை பொருந்தாது.

சிற்றூர்களுக்கான அரசுத் திட்டங்கள் வாடகைக்கு அன்றி வீடு கட்டுவதற்கே உதவுகின்றன. 2016 இல் தொடங்கிய பிரதம மந்திரி ஊரக வீட்டு வசதித் திட்டம், குடிசைகளுக்கு மாற்றாக வீடு கட்டுவதற்குத் தமிழ்நாடு அரசு 2024 இல் அறிவித்த கலைஞரின் கனவு இல்லம் ஆகியன இத்தகையவை. பிழைப்பிற்காக ஊர் மாறி வாடகைக்கு இருப்பவரின் தேவை இவற்றால் நிறைவதில்லை. நகரங்களுக்கு இடம்பெயரும் ஏழைகளுக்கெனக் குறைந்த வாடகை வீட்டு வளாகத் திட்டம் ஒன்றை நடுவண் அரசு 2020 இல் அறிவித்தது. அதுவும் வீடு அளிக்கும் திட்டமே. வாடகைக்குப் பணம் அளிப்பதன்று.

வாடகைச் சட்டமும் வாடகை உதவியும்

இவ்விரண்டும் வெவ்வேறானவை. 1960 ஆம் ஆண்டின் தமிழ்நாடு கட்டடங்கள் (குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாடு) சட்டம், அதிகாரி ஒருவர் நியாய வாடகையை நிர்ணயிக்க வழிசெய்தது. அதற்கு மாற்றாக 2017 இல் இயற்றப்பட்ட சட்டம் 2019 பெப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ளது. நகர்ப்புறங்களுக்குரிய இச்சட்டம், வாடகை ஒப்பந்தத்தை எழுத்து வடிவில் செய்து பதிவு செய்வதைக் கட்டாயமாக்கியது. வாடகை, இருதரப்பும் ஒத்துக்கொண்ட தொகையாகும். சட்டம் வாடகைதாரரின் உரிமையைக் காக்கிறது. ஆனால் வாடகை கொடுக்கப் பணமில்லாதவருக்கு அது பணம் தருவதில்லை. அந்த இடைவெளியை நிரப்புவதே நேரடி வாடகை உதவியின் நோக்கமாகும்.