லைட் எரியலையா? கரண்ட் இல்லைன்னு நினைச்சுடாதீங்க!

நவராத்திரி சமயம். கொலுவைச் சுற்றி சீரியல் செட் மினுக்கிக்கொண்டிருக்கிறது. வெற்றிலை பாக்கு வாங்கிக்கொள்ள நாலு பேர் வருகிற நேரமாகப் பார்த்து ஹால் லைட் பொசுக்கென்று அணைந்துவிடும். மயிலாப்பூர் மாட வீதி வீடானாலும் சரி, தி.நகர் ஃப்ளாட்டானாலும் சரி, அடுத்து நடப்பது ஒன்றுதான். வீட்டில் யாராவது ஒருவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறிவிடுவார். 'லைட்டே எரியலை, ஷாக் எங்கேர்ந்து அடிக்கப் போறது?' என்கிற தைரியம்!

அந்தத் தைரியம்தான் ஆபத்து. விளக்கு எரியவில்லை என்றால் விளக்கு எரியவில்லை, அவ்வளவுதான். ஒயரில் கரண்ட் இல்லை என்று அதற்கு அர்த்தம் இல்லை.

எப்படி என்று கேட்கிறீர்களா? கரண்ட் ஒரு ஒயர் வழியாக வந்து, பல்புக்குள் போய், இன்னொரு ஒயர் வழியாகத் திரும்ப வேண்டும். வருகிற ஒயர் 'ஃபேஸ்'. திரும்புகிற ஒயர் 'நியூட்ரல்'. ஃபேஸ் துண்டானாலும் விளக்கு அணையும், நியூட்ரல் துண்டானாலும் அணையும். முதலாவதில் பயம் குறைவு. இரண்டாவது மோசம். 230 வோல்ட் பல்பு வரை வந்து, திரும்ப வழியில்லாமல் நின்றுகொண்டிருக்கும். நீங்கள் கை வைத்தால், வழி நீங்கள்தான்!

உடம்புக்கு எவ்வளவு தாங்கும்? பழைய 40 வாட் குண்டு பல்பு சுமார் 170 மில்லி ஆம்பியர் இழுக்கும். அதில் ஐந்தில் ஒரு பங்கு உடம்பு வழியே கொஞ்ச நேரம் போனாலே கை தசைகள் இறுகிக்கொள்ளும், பிடித்ததை விட முடியாது, மூச்சு திணறும். இன்னும் கொஞ்சம் கூடினால் இதயம் சீராகத் துடிப்பதை விட்டு, வெறுமனே நடுங்க ஆரம்பித்துவிடும். ஈரக் கை, ஈரத் தரை என்றால் கரண்ட் பாய்வது இன்னும் சுலபம்.

எனவே ஒவ்வொரு வீட்டிலும் ஒரு டெஸ்டர் அவசியம். வாங்கினால் மட்டும் போதாது, பார்க்கத் தெரிய வேண்டும். முதலில் நன்றாக வேலை செய்கிற ஒரு பிளக் பாயிண்ட்டில் வைத்து டெஸ்டர் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். செத்த டெஸ்டரை நம்புவதைவிட டெஸ்டரே இல்லாமல் இருப்பது மேல். பிறகு சந்தேகப்பட்ட பாயிண்ட். எதிரே நின்று பார்க்கும்போது வலது ஓட்டையில்தான் ஃபேஸ் இருக்க வேண்டும். இடது நியூட்ரல். மேலே உள்ள பெரிய ஓட்டை எர்த். வலதில் மட்டும் எரிந்தால் சரி. இரண்டிலும் எரிகிறது, ஆனால் எதுவும் ஓடவில்லை என்றால், பெரும்பாலும் நியூட்ரல் போயிருக்கிறது. 'ரெண்டு பக்கமும் கரண்ட் வருதே, டபுள் பவர்!' என்று சந்தோஷப்படாதீர்கள். மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

மூன்று ஃபேஸ் இணைப்பு உள்ள வீடுகளில் இது இன்னும் விபரீதம். மெயின் நியூட்ரல் விட்டுப்போனால் சில அறைகளில் விளக்கு மங்கும், சில அறைகளில் கண்ணைக் கூசுகிற மாதிரி பிரகாசமாகும். இரண்டு ஃபேஸுக்கு நடுவே சுமார் 400 வோல்ட் இருக்கிறதல்லவா, அது ஃபிரிட்ஜையும் டி.வி.யையும் பதம் பார்த்துவிடும். இதைக் கண்டால் யோசிக்கவே வேண்டாம், ஓடிப்போய் மெயினை அணையுங்கள். அதே வீட்டில் பாதி அறைகள் மட்டும் சுத்தமாக இருட்டு, மற்றவை வழக்கம்போல என்றால் ஒரு ஃபேஸ் மட்டும் போயிருக்கிறது. ஃபேஸ் மாற்றும் சுவிட்ச் இருந்தால் திருப்பிக்கொள்ளலாம். ஆனால் ஏ.சி., கீசர் எல்லாவற்றையும் ஒரே ஃபேஸில் ஏற்றிவிடாதீர்கள்.

வீடு மொத்தமும் இருட்டென்றால் முதலில் பால்கனிக்குப் போய் எட்டிப் பாருங்கள். எதிர் வீடும் இருட்டா? அப்படியானால் அது மின்வாரிய சமாசாரம். 2021-ல் தொடங்கிய 'மின்னகம்' எண் 94987 94987. இணைப்பு எண்ணைக் கேட்பார்கள், அதை மீட்டர் பெட்டிக் கதவிலேயே எழுதி ஒட்டி வைப்பது உத்தமம். தெருமுனை பில்லர் பாக்ஸை யாரோ தட்டியதும் கரண்ட் வந்த கதையை எல்லாத் தெருவிலும் சொல்வார்கள். அந்த வேலை நமக்கு வேண்டவே வேண்டாம். மீட்டருக்கு முன்னால் சீல் வைத்த ப்யூஸும் அப்படித்தான்.

எதிர் வீட்டில் லைட் எரிகிறதா? அப்போது உங்கள் மெயின் போர்டுக்கு வாருங்கள். எம்.சி.பி. ஏதாவது விழுந்திருக்கலாம். சில எம்.சி.பி.யில் குமிழ் முழுக்கக் கீழே போகாமல் நடுவில் நிற்கும். அதை அப்படியே மேலே தள்ளினால் நிற்காது. ஒரு தடவை நன்றாகக் கீழே அழுத்தி, பிறகு மேலே தள்ள வேண்டும். அதற்கு முன் அந்த லைனில் உள்ள எல்லா சுவிட்சையும் அணைத்துவிடுங்கள். தள்ளிய பிறகு ஒவ்வொன்றாகப் போட்டு வாருங்கள். எதைப் போடும்போது டப்பென்று விழுகிறதோ, அதுதான் குற்றவாளி. எல்லாம் அணைந்திருந்தும் விழுந்தால் கோளாறு ஒயரிங்கில். மறுபடி மறுபடி தள்ளிப் பார்ப்பதில் பிரயோஜனம் இல்லை.

விழுந்தது ஆர்.சி.சி.பி. என்றால் கொஞ்சம் வேறு கதை. எம்.சி.பி.க்கு அடுத்து 'டெஸ்ட்' என்று ஒரு குட்டி பட்டனோடு இருக்குமே, அதுதான். போன கரண்ட் முழுக்கத் திரும்பி வருகிறதா என்று அது கணக்குப் பார்க்கும். வீடுகளில் போடுவது பெரும்பாலும் 30 மில்லி ஆம்பியர். அந்த அளவு எங்கேயோ கசிந்தால் விழுந்துவிடும். இதற்கு சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே உருவ வேண்டும். ஏனென்றால் சுவிட்ச் ஃபேஸை மட்டும்தான் பிரிக்கிறது, நியூட்ரல் அப்படியே இணைந்திருக்கும். அடிக்கடி மாட்டுவது கீசர். அப்புறம் வாஷிங் மெஷின், கிரைண்டர். 'இந்தச் சனியன் தினமும் விழறது, எடுத்துடுப்பா' என்று எலக்ட்ரீஷியனிடம் சொல்கிற வீடுகள் உண்டு. தயவுசெய்து வேண்டாம்! அது விழுவது உங்கள் உயிருக்காக. மாதம் ஒரு முறை டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். அழுத்தியும் விழவில்லையா, உடனே மாற்றச் சொல்லுங்கள்.

பழைய வீடுகளில் இன்னும் பீங்கான் ப்யூஸ் கேரியர்தான். 5 ஆம்பியருக்கு 0.2 மில்லி மீட்டர் கம்பி, 15 ஆம்பியருக்கு 0.5 மில்லி மீட்டர் கம்பி என்று கணக்கு உண்டு. 'அடிக்கடி போகுது' என்று ஒயரைப் பிரித்து நாலு இழையை முறுக்கிக் கட்டினால் ப்யூஸ் போகாது, உண்மைதான். அதற்குப் பதிலாகச் சுவருக்குள் இருக்கிற ஒயர் சூடாகி எரியும்.

இன்னொரு விஷயம். மெயினை அணைத்துவிட்டோம், இனி பயமில்லை என்று நினைக்கிறீர்களா? இன்வெர்ட்டர்! 2012-ல் சென்னையிலும் தினம் இரண்டு மணி நேரம் கரண்ட் கட் ஆன காலத்தில் நிறைய வீடுகளில் அது வந்து உட்கார்ந்துகொண்டது. மெயின் போனதும் 'கட் ஆயிடுச்சு' என்று எண்ணி அது தன் கடமையைச் செய்யும். ஹால் ஃபேனிலும் லைட்டிலும் மறுபடி அதே 230 வோல்ட். மெயினோடு அதையும் அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகே கை.

ஒரே ஒரு பிளக் பாயிண்ட் மட்டும் வேலை செய்யவில்லையா? வேறொரு கருவியைச் செருகிப் பாருங்கள், பாதி நேரம் கோளாறு மிக்ஸியின் பிளக்கில்தான் இருக்கும். பாயிண்ட் பழுப்பேறியிருந்தால், சூடாக இருந்தால், கருகல் வாடை வந்தால் உள்ளே ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறது. அடையாறு, பெசன்ட் நகர் பக்கம் கடற்காற்றுக்குச் செம்பில் பச்சை பூத்து, இணைப்பு சீக்கிரமே கெட்டுப்போகும். இப்படிப்பட்ட பாயிண்ட்டை மாற்றுவதுதான் வழி. பிளக் இல்லாத ஒயரைச் செருகி தீக்குச்சியால் அடைப்பது இருக்கிறதே, கொலு சமயத்தில் அமோகமாக நடக்கும். குழந்தைகள் தவழ்கிற உயரத்தில் இதைவிடக் கொடுமை வேறில்லை.

டியூப்லைட்டில் இரு முனையும் சிவந்து நடுவில் எரியாவிட்டால் ஸ்டார்ட்டர். முனைகள் கறுத்து கண்சிமிட்டினால் டியூப் கிழவனாகிவிட்டது. எல்.ஈ.டி. பல்பு சுவிட்சை அணைத்த பிறகும் லேசாக மினுக்குகிறதா? சுவிட்சில் சிவப்பு இண்டிகேட்டர் இருந்தால் அதனால் இருக்கலாம். அது இல்லாவிட்டால், யாரோ சுவிட்சை ஃபேஸில் போடாமல் நியூட்ரலில் போட்டிருக்க வாய்ப்புண்டு. அந்த ஹோல்டரில் சுவிட்சை அணைத்தாலும் கரண்ட் இருக்கும். எலக்ட்ரீஷியனிடம் கட்டாயம் காட்டுங்கள்.

மழைக்காலத்துக்குத் தனிச் சட்டம். 2015 டிசம்பரில் அடையாறு பெருகி கோட்டூர்புரம் வீடுகளுக்குள் தண்ணீர் வந்தபோதும், 2023 டிசம்பரில் 'மிக்ஜாம்' புயல் வந்தபோதும் பல பகுதிகளில் கரண்ட்டை நிறுத்தியது நம் பாதுகாப்புக்காகத்தான். தண்ணீர் வடிந்ததும் 'கரண்ட் வந்துடுச்சு' என்று சுவிட்சைத் தட்டிவிடாதீர்கள். தண்ணீர் ஏறிய பாயிண்ட்டுகளை எலக்ட்ரீஷியன் திறந்து, காயவைத்து, சோதிக்கும்வரை மெயின் அணைந்தே இருக்கட்டும். ஃப்ளாட்களில் மீட்டர் போர்டு கார் நிறுத்தும் இடத்தில் தாழ்வாக இருந்தால், தண்ணீரில் நின்றபடி அதைத் தொடாதீர்கள். ஊறிய சுவரில் கை வைத்தால் 'சுரீர்' என்றாலும் மெயின் அணைத்தாக வேண்டும்.

இத்தனைக்கும் மீறி ஒருவருக்கு ஷாக் அடித்துவிட்டால்? அவரைத் தொட்டு இழுக்காதீர்கள், நீங்களும் சேர்ந்து மாட்டிக்கொள்வீர்கள். முதலில் மெயின், கூடவே இன்வெர்ட்டர். அது முடியாவிட்டால் காய்ந்த பலகை மேல் நின்று, காய்ந்த மரக்கட்டையாலோ பிளாஸ்டிக் நாற்காலியாலோ ஒயரிலிருந்து அவரைத் தள்ளிவிடுங்கள். 108-ஐ அழையுங்கள். நினைவில்லை, மூச்சும் இல்லை என்றால் நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, சுமார் 5 செ.மீ. ஆழம் இறங்கும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்திக்கொண்டே இருங்கள், ஆம்புலன்ஸ் வரும்வரை. தோலில் சின்னப் பொட்டு மாதிரி தெரிகிற காயம் உள்ளே ஆழமாக இருக்கலாம், அதில் பேஸ்ட், மாவு எதையும் அப்ப வேண்டாம். எழுந்து உட்கார்ந்து 'எனக்கு ஒண்ணுமில்லே' என்று சொன்னாலும், ஒயரைப் பிடித்தபடி மாட்டிக்கொண்டவர், மயங்கியவர், நெஞ்சு படபடக்கிறது என்பவர், கர்ப்பிணிகள் எல்லாரையும் அன்றைக்கே டாக்டரிடம் அழைத்துப்போய் ஈ.சி.ஜி. பார்த்துவிடுங்கள்.