ஒளிப்படம் சித்திரக்கதைப் படமாதல்

ஒளிப்படத்தைக் கணிப்பொறியின் துணையால் சித்திரக்கதைப் படம்போல் மாற்றுவது இன்று மாணவர் பலர்க்கும் கைவந்த பொழுதுபோக்கு. பொத்தானை அழுத்தியதும் படம் மாறிவிடுகிறது. உள்ளே நிகழ்வது யாது என்பதை அறிந்தோர் சிலரே. அதனை ஈண்டு விளக்க முற்படுகிறோம்.

பழைய அமெரிக்கச் சித்திரக்கதை இதழ்களிலிருந்து தொடங்குவோம். மலிவான தாளில் அச்சான அவ்விதழ்களில் நீலம், செந்நீலம், மஞ்சள் என்னும் மூன்று மைகளே வண்ணம் தந்தன. கறுப்பு, கோட்டிற்கு உரியது. ஒவ்வொரு மையையும் இடாது விடலாம். கால், அரை, முழுமை என மூவகையில் இடவும் செய்யலாம். நான்கு நிலை, மூன்று மை; ஆக 64 வண்ணங்கள். கால், அரை என்பன மையை நீர்க்கச் செய்து பெற்றவை அல்ல, நுண்புள்ளிகளாக இடப்பெற்றவை. 1879இல் இளைய பெஞ்சமின் டே வகுத்த நிழலூட்டு முறையே இதற்கு மூலம். 1960களில் ராய் லிக்டென்ஸ்டீன் அப்புள்ளிகளையே பெரிதாக்கி ஓவியமாகத் தீட்டிப் புகழ் பெற்றார்.

கணிப்பொறிப் படத்திலோ ஒவ்வொரு படப்புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று ஒளிகள். ஒவ்வொன்றிற்கும் 0 முதல் 255 வரை 256 படிகள். பெருக்கினால் 1,67,77,216 வண்ணங்கள். 1990இல் வெளிவந்த ஃபோட்டோஷாப்பிலும், விலையின்றிக் கிடைக்கும் கிம்ப்பிலும் 'போஸ்டரைஸ்' என்னும் கட்டளை உண்டு. அதில் 4 என இட்டால் 256 படிகளும் நான்காகச் சுருங்கும். வண்ணங்கள் 64 ஆகும். அச்சகத்தார் வறுமையால் கண்ட எண்ணிக்கையை நாம் விரும்பிச் சென்றடைகிறோம்! முன்னதாகப் படத்தைச் சற்று மங்கலாக்கிக்கொள்ளல் வேண்டும். இன்றேல் தோல் முழுதும் திட்டுத்திட்டாகத் தோன்றும்.

வண்ணம் எளிது, கோடே அரிது. பலரும் 'திரெஷோல்ட்' என்னும் கட்டளையையே நாடுவர். ஓர் எண்ணைக் குறித்தால், அதனினும் ஒளி குறைந்தன யாவும் கறுப்பாகும், ஏனைய வெள்ளையாகும். எம் துறையின் குழுப்படம் ஒன்றில் நடுவெண்ணாகிய 128ஐ இட்டுப் பார்த்தோம். கருநிற மாணவர் மூவரின் முகங்கள் கண்ணும் மூக்குமின்றி மையில் தோய்ந்தன. வெள்ளைச் சுவரின்முன் நின்ற பெரியவர் ஒருவரின் வெண்தாடியும் தொப்பியும் மறைந்தே போயின. பெற்ற தாய்க்கும் அடையாளம் தெரியாத படத்தை அழகென்று எவ்வாறு கொள்வது?

குறை முகங்களில் இல்லை. எல்லா முகங்களையும் ஒரே எண்ணால் அளந்ததே பிழை. இதற்கு மாற்றாக இன்னொரு முறை உண்டு. ஒரே படத்தைச் சிறிதளவும் பெரிதளவும் மங்கலாக்கி, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிப்பது அம்முறை. கிம்ப்பில் இது 'டிஃபரன்ஸ் ஆஃப் காஸியன்ஸ்' எனப்படும். இங்கே ஒரு புள்ளி, தன் அண்டைப் புள்ளிகளோடு மட்டுமே ஒப்பிடப்படுகிறது. கருமுகமாயினும் வெண்முகமாயினும் இமையின் விளிம்பும் உதட்டின் விளிம்பும் தத்தம் அண்டையினின்று வேறுபடுவனவே; ஆதலின் கோடு பிறக்கிறது.

அக்கோட்டை வண்ணப் படத்தின்மேல் தனி அடுக்காக வைத்து 'மல்டிப்ளை' முறையைத் தெரிவு செய்க. கீழுள்ள வண்ணம் மேலுள்ளதால் பெருக்கப்படும். வெள்ளை 1 ஆதலின் வண்ணம் மாறாது. கறுப்பு 0 ஆதலின் கோடு நிற்கும். புள்ளிகளை இறுதியில் இடுக. அதுவும் அச்சிடும் அளவைத் தீர்மானித்த பின்னரே. புள்ளியிட்ட படத்தைப் பின்னர்ச் சுருக்கினால் வேண்டாத அலைக்கோலங்கள் தோன்றும்.

இம்முறையில் மூன்று முகங்களும் மீண்டன. சுவரோடு ஒன்றிய தாடி மட்டும் முழுமையாகத் தெளியவில்லை. அதன் விளிம்பை மாணவர் ஒருவர் கையாலேயே வரைந்து முடித்தார். பெரியவர் படத்தைக் கண்டு, தாடி சற்று நீண்டுவிட்டது என்றார்.