பிழையில்லாத கடிதம் போதுமா?

புனே அருகே ஆகுர்டியில் பொறியியல் கல்லூரிகளும் இருக்கின்றன, பஜாஜ் ஆட்டோவின் தலைமையகமும் இருக்கிறது. படிப்பு முடித்து வேலைக்குப் போகும் பிள்ளைகள் வீட்டில் பேசுவது மராத்தியோ தமிழோ. மின்னஞ்சல் எழுதுவது ஆங்கிலத்தில். "ப்ளீஸ் செக் மை ரிப்போர்ட் அண்ட் சென்ட் இட் பை டுமாரோ" என்று ஒரு மாணவர் பேராசிரியருக்கு எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இலக்கணப் பிழை இல்லை. ஆனால் படிப்பவருக்கு, கெடு வைத்து உத்தரவு போட்டதுபோல் இருக்கும். மாணவருக்குத் திமிர் கிடையாது. மராத்தியிலும் தமிழிலும் மரியாதை வினையிலேயே ஏறிவிடுகிறது. ஆங்கிலத்தில் 'ப்ளீஸ்' சேர்த்தாலும் கட்டளை கட்டளைதான். கேள்வியாகக் கேட்டு, காரணம் சொல்லி, மறுக்கவும் இடம்விட்டு எழுத வேண்டும். இதை யாராவது சொல்லிக்கொடுத்தால்தானே தெரியும்?

இலக்கணம் தவறினால் மொழி போதவில்லை என்பார்கள். தொனி தவறினால் ஆளே சரியில்லை என்பார்கள். மொழியியலாளர் ஜென்னி தாமஸ் 1983-லேயே இதைச் சுட்டிக்காட்டினார். 1998-ல் ஆய்வாளர்கள் பார்டோவி-ஹார்லிக்கும் டோர்னியேயும் வெளியிட்ட ஆய்வில், ஹங்கேரியில் ஆங்கிலம் படித்தவர்களுக்கு இலக்கணப் பிழை பெரிதாகப் பட்டது. அமெரிக்காவில் படித்தவர்களுக்குத் தொனிப் பிழை பெரிதாகப் பட்டது. நம் வகுப்பறை ஹங்கேரியின் பக்கம்தான் நிற்கிறது. எதற்கு மதிப்பெண்ணோ அதைத்தான் மாணவர் கவனிப்பார். ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வின் பொதுப் பயிற்சிப் பிரிவில் எழுதும் கடிதத்தில் தொனியையும் பார்க்கிறார்கள். ஆனால் நான்கு அளவுகோல்களில் ஒன்றுக்குள் அடங்கிய பகுதியாக மட்டுமே. தொனிக்குத் தனி மதிப்பெண் வேண்டும் என்பதே என் கட்சி.

வெள்ளைக்காரர் வழக்கத்துக்கு நாம் ஏன் வளைய வேண்டும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. இந்திய ஆங்கிலத்துக்குத் தனி நெறி உண்டு என்று மொழியியலாளர் பிரஜ் கச்ரு வாழ்நாளெல்லாம் வாதிட்டார். ஆகுர்டி அதிகாரிக்கு எழுதும் கடிதத்தில் 'ரெஸ்பெக்டட் சார்' பொருத்தமே. அதற்கு மதிப்பெண் குறைப்பது அநியாயம். அளவுகோல் லண்டன் அல்ல, கடிதத்தைப் படிக்கப்போகிறவர். ஆகவே யார் யாருக்கு எழுதுகிறார், எவ்வளவு பழக்கம், கேட்பது எவ்வளவு பெரிய உதவி என்று வினாத்தாளே சொல்லிவிட வேண்டும். மொழியியலாளர்கள் பிரவுனும் லெவின்சனும் பணிவை அளக்க வைத்த மூன்று கூறுகளும் இவைதான். ஆசிரியருக்கு ஆசிரியர் தீர்ப்பு மாறாதா என்றால், மாறும். கட்டுரைக்கு மதிப்பெண் போடும்போதும் மாறத்தான் செய்கிறது. இருவர் தனித்தனியே திருத்தி ஒப்பிட்டால் அந்த வேறுபாடு குறையும். ஒரே கடிதத்தை வைத்து முடிவுகட்டுவதும் சரியல்ல. ஒரே உதவியை நண்பரிடம் ஒரு முறை, துறைத்தலைவரிடம் ஒரு முறை கேட்டு எழுதச் சொல்லலாம். இரண்டும் ஒன்றுபோலவே வந்தால், அடுத்த வகுப்பில் எதைச் சொல்லித்தர வேண்டும் என்று ஆசிரியருக்குத் தெரிந்துவிடும்.