ஐயாவின் தொப்பியில் யானை இருக்கிறதா? பட்டாளப் படம் சொல்லும் பலே சங்கதிகள்!

திருக்கோஷ்டியூர் பக்கத்துப் பழைய வீடுகளில் வளவுச் சுவரை அண்ணாந்து பாருங்கள். சாமி படங்கள், ரங்கூனில் எடுத்த குடும்பப் படம், அதற்குப் பக்கத்தில் காக்கி உடுப்பில் விறைப்பாக ஒருவர். “பெரிய ஐயா பட்டாளத்துல இருந்தாக” என்பார் அப்பத்தா. எந்தப் பட்டாளம், எந்த வருஷம், யார் பக்கம் என்று கேட்டால் பதில் வராது. ஆனால் ஐயாவின் தொப்பியில் ஒட்டியிருக்கும் அந்தத் துளிப் பித்தளைக்கு எல்லாம் தெரியும்!

மருது பாண்டியர் காலத்து யானை என்று தெரியுமா?

மதராஸ் ரெஜிமெண்டின் சின்னத்தில் நிற்பது சும்மா ஒரு யானை அல்ல, ‘அஸ்ஸேயி யானை’! பக்கத்துத் திருப்பத்தூரில் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டது 1801 அக்டோபர் 24. இரண்டே வருஷம் கழித்து, 1803 செப்டம்பர் 23 அன்று, மராட்டியருக்கு எதிராக அஸ்ஸேயியில் போர். கிழக்கிந்தியக் கும்பினிப் படையை நடத்தியவர் ஆர்தர் வெல்லஸ்லி, பின்னாளில் வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்த அதே ஆள். அஸ்ஸேயியில் நின்று சண்டையிட்ட மதராஸ் சிப்பாய்களுக்குக் கௌரவமாகக் கிடைத்தது இந்த யானை.

இன்னும் கேளுங்கள். அதே போரில் இருந்த ஸ்காட்லாந்துப் பட்டாளமும் யானையை எடுத்துக்கொண்டது. கிளாஸ்கோ நகரத்து ஹைலேண்ட் லைட் இன்ஃபன்ட்ரியின் தொப்பியிலும் யானையும் ‘அஸ்ஸேயி’ என்ற எழுத்தும் இருந்தன! அயர்லாந்தின் ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸ் பேட்ஜில் புலியும் யானையும் இருந்தன. அந்தப் பட்டாளத்தின் பூர்விகத்தில் கும்பினியின் மதராஸ் ஐரோப்பியப் படையும் உண்டு!

அதைவிட ஆச்சரியம், மதராஸ் காலாட்படையின் நிரந்தரப் பட்டாலியன்கள் 1920களில் கலைக்கப்பட்டுவிட்டன. டெரிட்டோரியல் என்ற பகுதிநேரப் பிரிவுகள் மட்டும் மிஞ்சின. இரண்டாம் உலகப்போர் வந்தபோதுதான் ரெஜிமெண்ட் மறுபடி எழுந்தது. ஆகவே, “1935-ல் மதராஸ் ரெஜிமெண்டில் முழுநேரச் சிப்பாய்” என்று யாராவது சொன்னால் கொஞ்சம் நிதானியுங்கள்!

கிரீடத்தைப் பார்த்தே வருஷம் சொல்லலாம், தெரியுமா?

பேட்ஜின் உச்சியில் கிரீடம் இருந்தால் அதன் வளைவைக் கவனியுங்கள். நடுவில் பள்ளமில்லாமல் கூரையாகக் குவிந்திருந்தால் அது ராஜா கிரீடம், 1901 முதல் 1950களின் தொடக்கம் வரை. நடுவில் பள்ளம் விழுந்திருந்தால் எலிசபெத் ராணி காலத்தது. இந்தியப் படையிலோ 1950 ஜனவரி 26 குடியரசானதோடு கிரீடம் போய், அசோகச் சிங்கம் வந்துவிட்டது. அப்படியென்றால் பள்ளம் விழுந்த கிரீடத்தோடு நம் ஆள் நிற்கும் படம்? அது அநேகமாக 1953-க்குப் பிறகு சிங்கப்பூரிலோ மலாயாவிலோ பிரிட்டிஷ் உத்தியோகம் பார்த்தபோது எடுத்தது!

தொப்பியே இல்லாவிட்டால் தோளைப் பாருங்கள்!

இந்தியச் சிப்பாய்கள் பலருக்குத் தலையில் முண்டாசுதான். அதில் பேட்ஜ் இல்லாமலே இருக்கலாம். கவலை வேண்டாம், தோள்பட்டையில் பித்தளை எழுத்துகள் இருக்கும். ‘ஆர்.ஐ.ஏ.எஸ்.சி.’ என்றால் படைக்கு அரிசி, பெட்ரோல், லாரி என்று எல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்த சர்வீஸ் கோர். ‘ஐ.இ.எம்.இ.’ என்றால் பீரங்கியையும் வண்டியையும் பழுது பார்த்த மெக்கானிக்குகள். அந்தப் பிரிவு பிறந்ததே 1943-ல்தான். ஆகவே படம் அதற்கு முந்தியதாக இருக்கவே முடியாது!

‘தம்பி’ பட்டாளம் தெரியுமா?

1780-ல் தொடங்கிய மதராஸ் சாப்பர்ஸுக்குப் படைக்குள் செல்லப்பெயரே ‘தம்பி’தான்! பாலம் கட்டுவதும் கண்ணிவெடி எடுப்பதும் இவர்கள் வேலை. இவர்களில் ஒருவரான சுபேதார் சுப்பிரமணியன், 1944 பிப்ரவரியில் இத்தாலியில், வெடிக்க இருந்த கண்ணியின் மேல் விழுந்து சகாக்களைக் காப்பாற்றி உயிரை விட்டார். அவருக்கு ஜார்ஜ் கிராஸ் விருது கிடைத்தது.

ஒரே காக்கி, இரண்டு பக்கம்!

1942 பிப்ரவரி 15 சிங்கப்பூர் விழுந்தது. இரண்டு நாளில் ஃபேரர் பார்க் மைதானத்தில் ஆயிரமாயிரம் இந்தியக் கைதிகள். அவர்களில் பலரும், மலாயாத் தமிழர் ஏராளமானோரும் சேர்ந்ததுதான் ஐ.என்.ஏ. என்ற இந்திய தேசிய ராணுவம். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய தமிழ்ப் பெண்கள் கேப்டன் லட்சுமியின் ஜான்சி ராணிப் படையில் துப்பாக்கி பிடித்தார்கள்! உடுப்போ பெரும்பாலும் பிரிட்டிஷாரிடம் கைப்பற்றிய அதே காக்கி. ஆகவே ஐயா ராஜாவுக்காகச் சண்டை போட்டாரா, நேதாஜிக்காகவா என்பதைச் சட்டை சொல்லாது, சின்னம்தான் சொல்லும். கிரீடம் இருந்தால் ராஜா பக்கம், ஐ.என்.ஏ. சின்னம் இருந்தால் நேதாஜி பக்கம்!

சட்டென்று இன்னும் சில!

• தோளில் இரண்டு நட்சத்திரம் என்றதும் லெப்டினன்ட் என்று துள்ளாதீர்கள். சுபேதாருக்கும் இரண்டுதான், ஜமேதாருக்கு ஒன்று!

• மாலுமியின் தொப்பி நாடாவில் கப்பல் பெயர் இல்லாமல் ‘எச்.எம்.ஐ.எஸ்.’ மட்டுமா? அது போர்க்கால ரகசியம்!

• நெஞ்சில் பர்மா ஸ்டார் நாடா இருந்தால் படம் 1945 மே மாதத்துக்குப் பிந்தியது. அந்த விருதே அப்போதுதான் உண்டானது!

• பக்கவாட்டில் சாய்த்து வைக்கும் தொப்பியில் பேட்ஜ் இடப்பக்கம் இருக்கும். வலப்பக்கம் தெரிந்தால், நெகட்டிவைத் திருப்பிப் போட்டுப் பிரின்ட் எடுத்திருக்கலாம்!

• பழைய ஆர்த்தோ பிலிமுக்குச் சிவப்பு தெரியாது, கறுப்பாகவே விழும். 5-வது இந்திய டிவிஷனின் சின்னம் கறுப்பின் மேல் சிவப்பு வட்டம். அந்தப் பிலிமில் வட்டமே காணாமல் போய்விடும்!

• மூன்றிதழ் லில்லிப் பூ பேட்ஜா? ஐயா சாரணர்! ‘ஏ.ஆர்.பி.’யா? விமானத் தாக்குதல் முன்னெச்சரிக்கைப் படையில் தொண்டர்!

பேட்ஜே இல்லாதவர்களும் உண்டு!

சயாம்–பர்மா ரயில் பாதை, 415 கிலோமீட்டர். ஜப்பானியர் அதில் பல்லாயிரம் தமிழ்த் தோட்டத் தொழிலாளரை வாட்டி வதைத்தார்கள். அவர்களுக்கு உடுப்பும் இல்லை, தொப்பியும் இல்லை, ஸ்டுடியோவில் போய் நின்று படம் எடுக்க வழியும் இல்லை. போரில் போன தாத்தாவுக்குப் படமே இல்லாத குடும்பங்களின் கதையையும் இதோடு சேர்த்தே நினைக்க வேண்டும்.

சரி, இப்போது என்ன செய்யலாம்?

கண்ணாடியில் ஒட்டிப்போன படத்தைப் பிய்க்காதீர்கள். பக்கவாட்டிலிருந்து டார்ச் அடித்து, செல்போனில் எடுத்து, தொப்பியை மட்டும் பெரிதாக்குங்கள். போரில் இறந்தவர் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலில் காசில்லாமல் தேடலாம். ரங்கூன் பக்கம் தௌக்யான் நினைவுச் சின்னத்தில் மட்டும் சுமார் 27,000 பெயர்கள்! பல பதிவுகளில் தந்தை பெயரும் ஊரும் இருக்கும். ஒரு சூட்சுமம்: சிவகங்கை என்று தேடினால் கிடைக்காமல் போகலாம். 1980கள் வரை நம்முடையது ராமநாதபுரம் மாவட்டம். ‘ராம்நாட்’ என்று தேடிப் பாருங்கள்!

வீட்டைப் பங்கு பிரிக்கும்போது இந்தப் படங்கள்தான் முதலில் காரைக்குடிப் பழம்பொருள் கடைக்குப் போகின்றன. அங்கே சட்டத்துக்குத்தான் விலை, ஐயாவுக்கு இல்லை. கொடுப்பதற்கு முன்னால் ஒரு தடவை அந்தத் தொப்பியைப் பாருங்கள், தெரிந்ததைப் படத்தின் பின்பக்கம் பென்சிலால் எழுதிவையுங்கள்!