வா, இரு, விடு

கைகுலுக்குவது, தரையில் உருளுவது போன்ற நாய் வித்தைகள் விருந்தாளிகளைச் சிரிக்கவைக்கத்தான் உதவும். உயிரைக் காப்பவை மூன்று பழக்கங்கள்: கூப்பிட்டால் வருவது, சொன்ன இடத்தில் இருப்பது, சொன்னதும் எதையும் விட்டுவிடுவது. கொல்கத்தாவில் இவை கட்டாயத் தேவை. பல தெருக்களில் நடைபாதையைக் கடைகள் பிடித்துக்கொண்டிருப்பதால், நாயும் ஆளும் ஆட்டோவுக்கும் மினிபஸ்ஸுக்கும் ஊடே நடக்க வேண்டியிருக்கிறது. ரோல் கடை, பிரியாணிக் கடை வாசல்களில் கோழி எலும்பு சிதறிக் கிடக்கும். மழைக்காலத்தில் தேங்கிய தண்ணீரில் விளக்குக் கம்பத்து மின்சாரம் கசிந்து உயிர்கள் போனதும் இந்த நகரத்தில் நடந்திருக்கிறது.

நாய்க்கு மனிதரின் குறிப்பு எந்த அளவுக்குப் புரியும் என்பதை, நகருக்கு வடக்கே நதியா மாவட்டத்து மோகன்பூரில் உள்ள ஐசர் கொல்கத்தா நிறுவனத்தில் ஆராய்ந்திருக்கிறார்கள். அங்கே அனிந்திதா பத்ராவின் குழு பல ஆண்டுகளாகத் தெருநாய்களின் நடத்தையைக் கவனித்து வருகிறது. 2020இல் வெளியான ஓர் ஆய்வுக்காக, மூடிய இரண்டு கிண்ணங்களைத் தெருவில் வைத்து, ஒருவர் நின்று அவற்றில் ஒன்றைக் கையால் சுட்டிக்காட்டினார். ஏறத்தாழ பாதி நாய்கள் கிட்டவே வரவில்லை. வந்தவற்றில் சுமார் 80 சதவீதம் கை காட்டிய கிண்ணத்துக்கே போயின. யாரும் பழக்காத நாய்கள் அவை. சொல்லோடு சைகையும் சேர்ந்தால் வீட்டு நாய்க்குச் சீக்கிரம் பிடிபடும் என்று நம்ப இது இடம் தருகிறது. மிரண்டு விலகிய அந்தப் பாதியையும் மறக்கக் கூடாது. பயந்த நாய் பாடம் கேட்காது.

இதே குழுவின் 2017ஆம் ஆண்டு ஆய்வு இன்னும் சுவையானது. அறிமுகமில்லாத ஒருவர் திரும்பத் திரும்ப வந்து பழகியபோது, தெருநாய்கள் தீனியைவிடத் தடவிக்கொடுப்பதையே அதிகம் நாடின. பரிசு என்றால் பிஸ்கட்தான் என்றில்லை. சாதி நாய்க்குத்தான் பாடம் ஏறும் என்ற நம்பிக்கையும் தவறு. பராக்பூரில் உள்ள மாநிலக் காவல்துறைப் பயிற்சி அகாடமியில் ஆஷா என்ற தெருநாய், அல்சேஷனுக்கும் லாப்ரடாருக்கும் உரிய பயிற்சியைப் பெற்றிருக்கிறது.

மூன்றில் முதலில் கற்றுத்தர வேண்டியது ‘வா’. வீட்டுக்குள், சில அடி தூரத்தில் தொடங்கலாம். பெயரைச் சொல்லி, ஒரே ஒருமுறை ‘வா’ என்று கூப்பிட்டு, உள்ளங்கையைத் தொடைப் பக்கம் தாழ்த்திக் காட்ட வேண்டும். வந்து சேர்ந்த நொடியிலேயே பரிசு கிடைக்க வேண்டும். தாமதித்தால் எதற்காகக் கிடைத்தது என்று நாய்க்குத் தெரியாது. பிறகு அடுத்த அறையிலிருந்து, அதன்பின் மாடிப்படியிலிருந்து கூப்பிட வேண்டும். அது தேறிய பிறகே மைதானத்துக்குப் போகலாம். அங்கும் முதலில் நீளமான கயிற்றில்தான் விட வேண்டும்.

இந்தக் கட்டளையைக் கெடுப்பது பெரும்பாலும் வளர்ப்பவர்தான். செருப்பைக் கடித்த நாயை ‘வா’ என்று கூப்பிட்டு அடித்தால், அடுத்த முறை அது ஏன் வரப்போகிறது? விளையாட்டை முடித்துச் சங்கிலி மாட்டும்போது மட்டும் கூப்பிடுவதும் அதே பலனைத்தான் தரும். பிடி நழுவி நாய் ஓடினால் துரத்தக் கூடாது. அதற்கு அது விளையாட்டாகிவிடும். உற்சாகக் குரல் கொடுத்தபடி எதிர்ப்பக்கம் ஓடினால் பல நாய்கள் திரும்பிப் பின்னால் வரும்.

கொல்கத்தாவின் லேக் மார்க்கெட் பக்கத்துத் தமிழ் வீடுகளில் வேறொரு சிக்கல் உண்டு. பாட்டி ‘உட்காரு’ என்பார், பேத்தி ‘சிட்’ என்பாள், வேலைக்கு வரும் வங்காளப் பெண்மணி ‘போஷ்’ என்பார். எந்த மொழியானாலும் நாய்க்குக் கவலையில்லை. வீட்டார் எல்லாரும் ஒரே சொல்லைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

‘விடு’ பழக்குவது கடினம், ஏனென்றால் அது மூக்கோடு போடும் சண்டை. கறி வாசம் வரும் திசைக்கே தெருநாய் முதலில் போகும் என்பதும் பத்ரா குழு கண்டதுதான். மூடிய கைக்குள் தீனியை வைத்து நீட்டினால் நாய் முகரும், நக்கும், காலால் பிறாண்டும். கை அசையவே கூடாது. சலித்துப்போய் மூக்கை எடுக்கும் அந்தக் கணத்தில், மற்றக் கையிலிருந்து வேறு தீனி கொடுக்க வேண்டும். மூக்கை விலக்கினால்தான் கிடைக்கும் என்று அதற்குப் புரிந்த பிறகு சொல்லைச் சேர்க்கலாம். அடுத்த கட்டத்தில் தீனி தரைக்கு வந்து செருப்புக்கு அடியில் இருக்கும், கடைசியில் தெருவில். வெந்த கோழி எலும்பு சில்லு சில்லாக உடைந்து தொண்டையையும் குடலையும் கிழிக்கும் என்பதால் இந்தப் பாடு படலாம்.

‘இரு’ என்பதை வாசலில் பழக்குவது நல்லது. அடுக்குமாடிகளின் மடக்குக் கம்பிக் கதவு, லிஃப்ட் கதவு, கார்க் கதவு எது திறந்தாலும், சொல்லும்வரை நாய் வெளியே கால் வைக்கக் கூடாது. முதலில் நேரத்தைக் கூட்டி, பிறகு தூரத்தைக் கூட்டி, கடைசியில் ஆள் நடமாட்டத்துக்கு நடுவே பழக்க வேண்டும். ஒருவேளைக்கு ஐந்து நிமிடம் போதும். கழுத்தை நெரிக்கும் சங்கிலியும் முள் பட்டையும் பயத்தைத்தான் வளர்க்கும்.

வெளியே இந்தப் பழக்கங்களைச் சோதிப்பவை ‘பாடா’ நாய்கள், அதாவது அந்தந்தப் பேட்டையின் தெருநாய்கள். ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு கூட்டம் உண்டு, அதற்கு எல்லையும் உண்டு. வளர்ப்பு நாய் எகிறிக் குரைத்தால் மொத்தக் கூட்டமும் வரும். பெயரைச் சொன்னதும் வளர்ப்பவர் முகத்தைப் பார்க்கப் பழகிய நாயைத் தளர்ந்த கயிற்றில் எதிர்ச்சாரிக்குத் திருப்பிவிடலாம். நாயால் பிறருக்குக் காயம் நேராமல் பார்த்துக்கொள்வது சட்டப்படியும் கடமை. கவனக்குறைவுக்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவு ஆறு மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கிறது.

காளி பூஜை இரவில் மட்டும் எந்தப் பாடத்தையும் நம்ப முடியாது. வெடிச்சத்தத்தில் மிரண்ட நாய்க்கு வளர்ப்பவரின் குரலே காதில் விழாது. அன்று இருட்டுவதற்கு முன்பே வெளியே கூட்டிப்போய்விட்டு, கதவு ஜன்னலைச் சாத்திய உள்ளறையில் வைத்திருப்பது நல்லது. கழுத்துப் பட்டையில் தொலைபேசி எண் பொறித்த தகடு வீட்டுக்குள்ளும் மாட்டியே இருக்க வேண்டும்.