ஞாயிறு தவறாத நாடகம்

மைசூரில் நடிப்புக்கு மாதச் சம்பளம் உண்டு. இந்த ஏற்பாடு இன்னும் எத்தனை காலம்?

காவேரி எக்ஸ்பிரஸில் சென்னையிலிருந்து வந்தாலும் சரி, தஞ்சாவூர், திருச்சி வழியாக வரும் இரவு ரயிலில் வந்தாலும் சரி, காலையில் மைசூரில் இறங்கும் கூட்டம் ஒரே பக்கம்தான் போகும்: அரண்மனை, மிருகக்காட்சி சாலை, சாமுண்டி மலை. நாடகம் படிக்கும் மாணவர் மட்டும் எதிர்ப்பக்கம், ஹுன்சூர் சாலைக்கு ஆட்டோ பிடிக்க வேண்டும். அங்கே கலாமந்திர வளாகத்தின் மரங்களுக்கிடையே இருக்கிறது ரங்காயண, கர்நாடக அரசின் நாடக நிறுவனம்.

ஸ்தனிஸ்லாவ்ஸ்கியையும் பிரெக்டையும் கரைத்துக் குடித்த தமிழ் மாணவர்களில் பலர், முழுநீள நவீன நாடகம் ஒன்றை மேடையில் பார்த்த தடவைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். நாடகம் எங்கே, எப்போது நடக்கிறது என்பதே அவர்களுக்கு வாய்வழிச் செய்தி. மைசூரில் அந்தக் கவலை குறைவு. பெரும்பாலான ஞாயிற்றுக்கிழமைகளில், மாலை ஆறரை மணி வாக்கில், ரங்காயணவின் 'பூமிகீதா' அரங்கில் விளக்கு அணையும். சிறிய அரங்குதான். நடிகரின் நெற்றி வியர்வை கடைசி வரிசைக்கும் தெரியும். டிக்கெட் விலை சினிமா டிக்கெட்டைவிடக் குறைவு. குடும்பத்தோடு வந்து உட்காரும் உள்ளூர்க்காரர்கள் இயக்குநர் பெயரைப் பார்த்து வருவதில்லை. ஞாயிற்றுக்கிழமை என்பதால் வருகிறார்கள்.

இந்தப் பழக்கம் தானாக வந்ததல்ல. 1989ல் ரங்காயண தொடங்கப்பட்டபோது அதன் முதல் இயக்குநராக வந்தவர் பி.வி. காரந்த். சிறுவயதில் வீட்டைவிட்டு ஓடிப்போய் குப்பி வீரண்ணாவின் நாடகக் கம்பெனியில் சேர்ந்தவர். பையனின் திறமையைக் கண்டு அவரைக் காசிக்கு அனுப்பி எம்.ஏ. படிக்க வைத்ததும் அந்தக் கம்பெனி முதலாளிதான். (இன்றைய தயாரிப்பாளர் யாராவது செய்வாரா?) பிறகு தில்லி தேசிய நாடகப் பள்ளியில் மாணவர், அங்கேயே இயக்குநர், போபால் பாரத் பவனில் ரங்கமண்டல் என்று சுற்றிவிட்டு மைசூர் வந்தார். மாநிலம் முழுவதிலுமிருந்து இளைஞர்களைப் பொறுக்கியெடுத்தார். பாட்டு, உடற்பயிற்சி, மேடை கட்டுவது, உடை தைப்பது என்று எல்லாவற்றிலும் அவர்களை இறக்கினார். அவர்களுக்குச் சம்பளம் கொடுத்தது அரசாங்கம். அன்றாடம் காலையில் வேலைக்கு வருவதுபோல ஒத்திகைக்கு வந்தார்கள்.

கேட்பதற்குச் சாதாரணம். ஆனால் விஷயம் இதில்தான் இருக்கிறது. ஒரே நடிகர்கள் ஆண்டுக்கணக்கில் ஒன்றாக இருந்தால் என்ன செய்ய முடியும் என்பதற்கு 2010ல் ரங்காயண வளாகத்தில் அரங்கேறிய 'மலெகளல்லி மதுமகளு' சாட்சி. மைசூரிலேயே வாழ்ந்த குவெம்பு 1967ல் வெளியிட்ட பெரிய நாவல் அது. சி. பசவலிங்கய்யா இயக்கத்தில் சுமார் ஒன்பது மணி நேர நாடகமாயிற்று. திறந்தவெளியில் நான்கு மேடைகள். ஒரு பகுதி முடிந்ததும் பார்வையாளர்கள் எழுந்து அடுத்த மேடைக்கு நடக்க வேண்டும். விடிய விடிய நாடகம் பார்ப்பது தமிழர்களுக்குப் புதிதல்ல. வட ஆற்காட்டுத் திரௌபதி அம்மன் கோயில் திடல்களில் பாரதக் கூத்து விடியும்வரைதான் நடக்கிறது. ஆனால் கூத்தில் நடுவே கண்ணயரலாம். இங்கே அதற்கு இடமில்லை.

2021ல் இன்னொரு பெரும் முயற்சி: எஸ்.எல். பைரப்பாவின் 'பர்வ'. பாவண்ணனின் தமிழாக்கத்தில் 'பருவம்' என்று நம்மில் பலர் படித்த அதே மகாபாரத நாவல். பிரகாஷ் பெலவாடி இயக்கினார். இடைவேளைகளோடு சுமார் எட்டு மணி நேரம். 2025ல் காலமான பைரப்பாவும் மைசூர்வாசிதான். கன்னடம் தெரியாதே என்ற தயக்கம் தமிழருக்கு இங்கே வேண்டியதில்லை. முதல் பத்து நிமிடம் காது தடுமாறும். பிறகு பாதி சொற்கள் பிடிபடும், மீதியை நடிகரின் உடம்பு சொல்லிவிடும். கதை தெரிந்த பாரதமாக இருந்தால் அந்தத் தடுமாற்றமும் இல்லை.

தமிழ்நாட்டில் நாடகம் செத்துவிட்டது என்று பேசுவது சோம்பேறித்தனம். மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் திருவிழாக் காலத்தில் ஸ்பெஷல் நாடகக்காரர்களுக்கு மூச்சுவிட நேரமில்லை. ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் ஓர் ஊர் என்று வந்து அன்றிரவு மேடையிலேயே சந்தித்து 'வள்ளி திருமணம்' நடத்தி முடிப்பார்கள். அது அசாத்தியத் திறமைதான், ஆனால் குழு அல்ல. சம்பளத்துக்கு நடிகர்களை வைத்து நடத்திய பாய்ஸ் கம்பெனிகள் நம்மிடமும் இருந்தன. சினிமா வந்ததும் போயின. பிற்காலத்தில் ந. முத்துசாமியின் கூத்துப்பட்டறை ஃபோர்டு ஃபவுண்டேஷன் நிதியோடு முழுநேர நடிகர்களை வைத்துப் பார்த்தது. பசுபதி, கலைராணி போன்றவர்கள் அந்தப் பயிற்சியில் வந்தவர்கள். வெளிநிதி என்றைக்கும் வந்துகொண்டிருக்காது. தமிழக அரசு ரங்காயண மாதிரி ஒன்றைத் தொடங்கவே இல்லை.

அப்படித் தொடங்கியிருந்தால் எல்லாம் சரியாக இருந்திருக்குமா? மைசூர் அனுபவம் அப்படிச் சொல்லவில்லை. அரசாங்கத்தின் பணம் என்றால் அரசாங்கம் நியமிக்கும் இயக்குநர். காரந்துக்குப் பிறகு பசவலிங்கய்யா, பிரசன்னா, குப்பி வீரண்ணாவின் பேத்தி பி. ஜெயஸ்ரீ என்று மேடையில் ஊறியவர்கள் அந்த நாற்காலியில் இருந்திருக்கிறார்கள். ஆனால் ஆட்சி மாறும்போது நாற்காலியும் ஆடுகிறது. 2022ல் அப்போதைய இயக்குநர் அட்டண்ட காரியப்பா எழுதி இயக்கிய 'டிப்பு நிஜ கனசுகளு', திப்பு சுல்தானைப் பற்றிய அரசியல் சண்டையை அரங்குக்குள் கொண்டுவந்தது. கிரீஷ் கர்னாடின் 'டிப்புவின கனசுகளு' நாடகத்துக்குப் பதிலடி என்பது தலைப்பிலேயே தெரிந்தது. எதிர்ப்பு கிளம்பியது, விவகாரம் நீதிமன்றம் வரை போனது. 2023ல் ஆட்சி மாறியபின் அவர் பதவியில் இல்லை. யார் பக்கம் நியாயம் என்பது வேறு கதை. நடிகர் என்ன செய்வார்? மாதச் சம்பளக்காரர். கொடுத்த வசனத்தைப் பேசுவார்.

இதைவிடப் பெரிய பிரச்சனை சத்தமில்லாமல் வந்திருக்கிறது. 1989ல் இருபதுகளில் இருந்தவர்களுக்கு இப்போது அறுபதை ஒட்டிய வயது. கர்நாடக அரசு ஊழியர் ஓய்வு வயதும் அறுபதுதான். காரந்த் கையால் பயிற்சி பெற்ற தலைமுறை மேடையைவிட்டு இறங்குகிறது. அந்த இடங்களில் நிரந்தர நடிகர்கள் வருவதற்குப் பதில், சில ஆண்டு ஒப்பந்தத்தில் இளைஞர்களை எடுத்து ஓட்டும் வழக்கம் வந்துவிட்டது. ஒப்பந்தம் முடிந்தால் டி.வி. சீரியல் அழைக்கும். முப்பது வருடம் ஒன்றாக நடித்தவர்களிடம் இருந்த அந்தக் கண் ஜாடைப் பேச்சு மூன்று வருடத்தில் வருமா என்பது சந்தேகம்தான். ரங்காயண நடத்தும் ஓராண்டு டிப்ளமோ வகுப்பில் சேர்கிறவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டிய விஷயமும் இதுதான்.

அரசாங்கச் சம்பளமே இல்லாமல் நடக்கும் உதாரணத்தையும் அதே வார இறுதியில் பார்த்துவிடலாம். ராமகிருஷ்ண நகரில் நடிகர் மண்டியா ரமேஷ் உருவாக்கிய 'நடனா' நாடகப் பள்ளிக்குச் சொந்தமாக ஒரு சிறிய அரங்கு உண்டு. ஹெக்கோடு நீநாசத்தில் படித்த ரமேஷ், கன்னட சினிமாவிலும் டி.வி.யிலும் தெரிந்த முகம். இங்கும் வார இறுதியில்தான் நாடகம். நடிப்பவர்களில் பலர் மாணவர்கள், பகலில் வேறு வேலைக்குப் போகிறவர்கள். ரங்காயணவின் கச்சிதத்தை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றமாக இருக்கலாம். வேகம் குறைவில்லை.

சில வாரங்களில் இரண்டு இடத்திலும் ஞாயிறு மாலை ஒரே நேரத்தில் நாடகம் வைத்துவிடுகிறார்கள். அப்போது ஒன்றை விட்டுத்தான் ஆகவேண்டும்.