தெளிந்த தண்ணீரில் ஒளிந்த விஷம்! காட்டிக் கொடுக்கிறது ரோஸ் சாயம்!!

காஞ்சீபுரம்:-

பட்டுக்குச் சாயம் ஏற்றும் ஊர் இது. வாய்க்காலில் சிவப்புத் தண்ணீர் ஓடினால் உடனே கூட்டம் கூடிவிடும். ஆனால் தெளிந்த தண்ணீரில் விஷம் கலந்திருந்தால்? அதைப் பிடிக்கவும் ஒரு சாயம்தான் உதவுகிறது!

பாலாற்று ஊற்றை நம்பிக் குடிக்கும் ஊர் காஞ்சீபுரம். அதற்கு மேற்கே, அதே ஆற்றோரம் ராணிப்பேட்டை. அங்கே 1995ல் மூடப்பட்ட தமிழ்நாடு குரோமேட்ஸ் தொழிற்சாலை விட்டுப் போன கழிவு, ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேல். அதில் உள்ள குரோமேட் புற்றுநோய் உண்டாக்கக் கூடியது. பாலாற்றைக் கெடுத்த தோல் ஆலைகள் விவகாரத்தில் 1996ல் சுப்ரீம் கோர்ட்டே தீர்ப்புக் கூறியது.

குடிதண்ணீரில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. 1,000 லிட்டர் தொட்டிக்குக் கணக்குப் போட்டால் 50 மில்லிகிராம். ஒரு சிட்டிகை உப்புகூட அதைவிட அதிகம்! கண்ணுக்கும் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. கொதிக்க வைத்தாலும் போகாது.

நோட்டு விளக்கு

கடைக்காரர்களுக்குச் சுலபமாகப் புரியும். கள்ள நோட்டுப் பார்க்க ஊதா விளக்கு வைத்திருக்கிறீர்களே, அதே வித்தைதான். உலோகத்தைத் தொட்டால் அந்த வெளிச்சத்தில் பளிச்சிடும் மருந்தைத் தண்ணீரில் விடுகிறார்கள்.

ரோடமின்-பி ஞாபகம் இருக்கிறதா? 2024ல் தமிழக அரசு பஞ்சு மிட்டாய்க்குத் தடை போட்டதே, அந்த ரோஸ் சாயம்! 1997ல் அமெரிக்க விஞ்ஞானிகள் அதன் மூலக்கூறைப் பூட்டி, நிறமே இல்லாமல் ஆக்கினார்கள். தாமிரம் பட்டதும் பூட்டு திறந்தது. ரோஸ் நிறம் வந்தது, ஒளியும் வந்தது. மிட்டாயில் வில்லன், தண்ணீரில் துப்பறியும் போலீஸ்!

குரோமியத்துக்கு வேறு வழி. தூசியைவிட நுண்ணிய கரித்துகள். 2012ல் இந்திய விஞ்ஞானிகள் வெறும் ஆரஞ்சுச் சாற்றைச் சூடாக்கியே இப்படிப்பட்ட துகளைச் செய்து காட்டினார்கள். ஊதா விளக்கில் ஜொலிக்கும். குரோமேட் கலந்தால் மங்கிவிடும்.

இங்கேதான் சிக்கல். இரும்புத் தண்ணீர் பட்டாலும் மங்கக்கூடும். ஆள் மாறாட்டம்! போலீசுக்குத் துப்பு கிடைத்தாலும் கோர்ட்டுக்குச் சாட்சி வேண்டுமே. அந்தச் சாட்சி ஆய்வகத்தின் பெரிய மெஷின்தான்.

கிணற்றுத் தண்ணீர் மேல் சந்தேகம் இருந்தால் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் பணம் கட்டிச் சோதிக்கலாம். சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலில் பிடித்துப் போங்கள். எவர்சில்வர் தூக்கு வேண்டாம். எவர்சில்வரிலேயே குரோமியம் இருக்கிறது!